தாலிக்குள் வைத்த முகம்

சவரியம்மா என்னிடம் கேட்டது ஒரு மூடி. தாலியின் பின்பக்கத்தில், நகத்தால் நெம்பினால் திறந்துகொள்கிற சின்ன மூடி. நான் செய்துகொடுத்தது வேறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்தளையில் யாரைக் கேட்டாலும் மாணிக்கவாசகம் சொன்ன வேலையைச் சொன்னபடி முடிக்கிற ஆசாரி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன்தான்.

எண்பத்தொன்பதாம் வருஷம், கார்த்திகை மாதம். கடையைத் திறந்தால் சுடுவோம் என்று கிளர்ச்சிக்காரர் கூட்டம், மூடினால் பூட்டை உடைப்போம் என்று ஆமிக்காரர் கூட்டம். இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். திருகோணமலை வீதிச் சந்தில் இருந்த என் பட்டறையின் பலகைக் கதவில் ஒரே ஒரு பலகையை மட்டும் கழற்றி வைப்பேன். திறந்திருக்கிறது என்றும் சொல்லலாம், மூடியிருக்கிறது என்றும் சொல்லலாம்.

அந்த இடைவெளியில் உடம்பைச் சரித்து சவரியம்மா உள்ளே வந்தாள். உக்குவளைக்காரி. அவள் புருஷன் செபஸ்தியன் றப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அவர்களுடைய தாலியே என் கை வேலைதான். நீள்வட்டத் தகடு, அதில் சிறகு விரித்த புறா. அவர்களுக்கு ஒரே மகன், சிறில். டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்கு நின்றான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஜீப்பில் வந்தவர்கள் பட்டப்பகலில் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வந்தது யார், கொண்டுபோனது எங்கே, ஒன்றும் தெரியாது. கேட்கப் போனவர்களே திரும்பி வராத காலம்.

அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்தாள். அடையாள அட்டைக்கென்று எடுத்த சின்னப் படம்.

"இது ஒண்ணுதாண்ணே மிச்சம். மத்ததெல்லாம் அவரு அடுப்புல போட்டுட்டாரு. கோயில்ல புதுநன்மை வாங்கின படம், பள்ளிக்கூடப் படம், எல்லாம்."

செபஸ்தியனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வருஷம் ஊரே படங்களை எரித்தது. வீட்டைச் சோதிக்க வருகிறவர்கள் படத்தில் பக்கத்தில் நிற்கிறவன் யார் என்று கேட்பார்கள். அவனுடைய வீட்டுக்கும் ஜீப் போகும். சிறிலைப் படம் பிடித்த ஸ்டூடியோக்காரரே ஒரு பெட்டி நெகட்டிவ்களைக் கொல்லைப்புறத்தில் கொளுத்தினார் என்று கேள்வி.

"இத தாலிக்குள்ள வெச்சுத் தாங்கண்ணே. ஊருல யாரும் பொம்பள தாலியக் கழட்டச் சொல்ல மாட்டாங்க. நான் நெனச்சா திறந்து பாக்கணும். ஒரு நாளைக்கு ஒரு தரம் பாத்தாப் போதும்."

"சரி, விட்டுட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."

"புருஷன் உசுரோட இருக்கையில வெறுங்கழுத்தோட ரோட்டுல நடக்கச் சொல்றீங்களா? நான் இங்கயே இருக்கேன்."

சொன்னபடியே இருந்தாள். காலையில் தாலியைக் கழற்றிக் கொடுத்தவள், பின்னேரம் வரைக்கும் முக்காலியில் உட்கார்ந்து ஒரு கையால் கழுத்தை மூடிக்கொண்டே இருந்தாள். தேத்தண்ணி கொடுத்தபோதும் மற்றக் கையால்தான் வாங்கினாள்.

தாலியின் பின்னால் தகடு வளைத்து, விளிம்பு எழுப்பி, ஒரு தட்டையான சிமிழ் கட்டினேன். பிறகு அதன் அளவுக்குக் காகிதத்தில் நீள்வட்டம் வெட்டி, படத்தின் மேல் வைத்துக் கோடு இழுத்தேன். கத்தரியை எடுத்தபோது அவள் எழுந்து வந்தாள்.

"மொகத்துல படாம வெட்டுங்கண்ணே."

"படாது. காது ரெண்டும்தான் போகும்."

"போனாப் போகட்டும்," என்று போய் உட்கார்ந்துகொண்டாள்.

மிச்சம் இருந்தது மூடி. கீல் வைக்கத் தகட்டைக் கையில் எடுத்துவிட்டுத்தான் யோசித்தேன். கீல் வைத்தால் உள்ளே எதையோ ஒளித்திருக்கிறது என்று குருடனுக்கும் தெரியும். ஏதோ ஒரு சோதனைச் சாவடியில் யாரோ ஒருவன் அதை நெம்பிப் பார்த்தால் முதல் கேள்வி, இவன் யார். இரண்டாவது கேள்வி, இதைச் செய்தது யார். டவுனில் அப்போது தாலி வேலை செய்தவர்கள் நாலே பேர். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் பயந்தேன்.

பற்றாசுப் பொடி வைத்து நெருப்பை ஊதி ஒட்டலாம் என்றால் அந்தச் சூட்டில் படம் கருகிவிடும். ஆகவே அரக்கு. உள்ளே வெறுமையான நகைக்கு அரக்கு ஊற்றித் திடமாக்குவது எங்கள் தொழிலில் அன்றாட வேலைதான். படத்தின் மேல் எண்ணெய்த் தாள் ஒன்றை வைத்து, உருக்கிய அரக்கை ஊற்றி, தகட்டை வைத்து அமுக்கினேன். விளிம்பை மெருகேற்றியதும் பின்பக்கம் ஒரே தகடு மாதிரி ஆகிவிட்டது. கீல் இல்லை, கோடு இல்லை. குலுக்கினாலும் சத்தம் இல்லை.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கண்ணே திறக்கிறது?"

"மூடி வெச்சா இடுக்குல வேர்வ இறங்கிப் படம் கெட்டுப் போயிரும். அதான் அடைச்சு வெச்சிருக்கேன். காலம் நல்லாகட்டும், கொண்டாங்க, ஒரு நிமிஷத்துல திறந்து குடுக்கிறேன்."

படத்தின் நல்லதுக்கு என்று சொன்னேன். என் நல்லதுக்கு என்று சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரிதான்," என்று தாலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை பட்டறைக்கு வருவாள். கொக்கி தேய்ந்துவிட்டது என்பாள், தோடு கழன்றுவிட்டது என்பாள். போகும்போது கேட்பாள்: "இப்பத் திறக்கலாமாண்ணே?" நான் ஏதாவது சாக்குச் சொல்லுவேன். இந்தச் சண்டை ஓய்ந்தும் வடக்கில் மற்றச் சண்டை நடந்துகொண்டிருந்தது. கண்டிக்குப் போகிற பஸ்ஸை இரண்டு இடத்தில் மறித்தார்கள். எனக்குச் சாக்குக்குப் பஞ்சமே இருக்கவில்லை. அவளும் கழுத்தில் விரலை வைத்துத் தாலியின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே போய்விடுவாள். மகன் கன்னத்தைத் தடவுகிற மாதிரித்தான் தடவினாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு, செபஸ்தியன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் சவரியம்மா மூச்சு வாங்க வந்தாள். கழுத்திலிருந்து இறக்கிய தாலி அவளுடைய செபமாலைப் பைக்குள் இருந்தது.

"அண்ணே, திறங்க. இப்பவே திறங்க. சிறிலப் பாத்திருக்கக்கூடிய ஆள் ஒருத்தரு இருக்காரு."

அவள் பக்கத்து வீட்டு மஸீனாவின் சொந்தக்காரர், ரவூப் என்று பெயர். எண்பத்தொன்பதில் அவரையும் ஆள் மாறிப் பிடித்துக்கொண்டு போய், ஏழு மாதம் ஒரு முகாமில் வைத்திருந்துவிட்டு விடுதலை செய்தார்களாம். இப்போது தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் வெங்காயக் கடை. இத்தனை வருஷமாக வாயே திறக்காத மனுஷன், மஸீனாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்: அங்கே இருந்தவர்களின் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் முகம் ஒன்றையும் மறக்கவில்லை, படம் இருந்தால் கொண்டுவரச் சொல்.

நான் ஊதுகுழலை எடுத்தேன். இளஞ்சூடு காட்டி, விளிம்பில் ஊசியை விட்டு மெல்ல நெம்பினேன். தகடு வந்தது. அரக்கும் ஒரு வில்லையாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. எண்ணெய்த் தாள் அரக்கோடு உருகி இருந்த இடமே தெரியவில்லை. படத்தாள் தாலிக்குள் இருந்தது. வெள்ளையாக, அங்கங்கே பழுப்பாக. முகம் இல்லை. முகத்தின் தோல் அரக்கோடு போய்விட்டது. வில்லையைத் திருப்பிப் பார்த்தேன், கொப்புளித்த கறுப்பு மட்டும்தான்.

கொப்புளம் வேர்வையில் வருவதில்லை. சூட்டில் வருவது. நாற்பது வருஷத் தொழில்காரனுக்கு அது தெரியாதா? நான் அரக்கை ஊற்றிய அந்த நிமிஷமே படம் போய்விட்டது. பதினொரு வருஷம் அவள் தடவியது வெறும் காகிதத்தை.

"வேர்வையாண்ணே?" என்று கேட்டாள்.

"வேர்வைதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பையைத் தோளில் மாட்டினாள்.

"படம் இல்லாட்டி என்ன? நான் வாயால சொல்றேன். பெத்தவளுக்குத் தெரியாதா? நீங்களும் வாங்கண்ணே. எனக்குத் தனியாப் போகக் காலு வரல."

பஸ் நாலந்தாவைத் தாண்டும்வரைக்கும் அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. செபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், மகனுடைய அடையாளங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

சந்தைக்குள் லொறிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ரவூப் எங்களை வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்கார வைத்தார். மெலிந்த மனிதர். வெறும் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்.

"மகன்ட அடையாளத்தச் செல்லுங்கம்மா. எப்பிடி ஈப்பாரு?"

"செவத்த பிள்ளங்க. சுருட்ட முடி."

"முடியெல்லாம் வழிச்சிட்டாங்கம்மா. நிறமும் அங்க ஒண்டுதான். மொகத்தச் செல்லுங்க."

"மூக்கு... அவங்கப்பா மூக்கு. இல்ல, எங்கண்ணன் மூக்கு. கண்ணு வந்து..." அவள் நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மறுபடி நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அண்ணே, எனக்கு வரமாட்டேங்குது. பஸ்ஸுல எல்லாம் இருந்துச்சு. நீங்க பாத்தீங்கல்ல? கத்தரிக்கோல வெச்சு வெட்டினீங்கல்ல? அந்தப் படத்தக் கடைசியாப் பாத்தது நீங்கதானே, சொல்லுங்கண்ணே."

நான் எங்கே பார்த்தேன்? நீள்வட்டத்தைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன். ஒரு முழுப் பகல் அந்தப் பிள்ளையின் முகம் என் கையில் இருந்தது, நான் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. படத்தையும் கெடுத்தவன், முகத்தையும் பார்க்காதவன் என்று அவள் முன்னால் நிற்க முடியவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"காது," என்றேன். "காது ரெண்டும் வெளிய தள்ளி நிக்கும். அதனாலதான் வெட்ட வேண்டி வந்துச்சு."

"ஆமா!" என்று சவரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாண்ணே, காது! எப்பிடி மறந்தேன்?"

ரவூப் தலையைக் குனிந்துகொண்டார்.

"காது தள்ளி நிண்ட தமிழ்ப் பொடியன் ஒருத்தர் ஈந்தார்," என்றார். "என்ட பக்கத்துலதான் படுத்தார். உம்மாவ நெனச்சு அழுவார். தை மாசம் ஒரு நாள் பின்னேரம் ஆறு பேரக் கூட்டிட்டுப் போனாங்க. அவரும் போனார். போன ஆறு பேரும் வரல்லம்மா. வெடிச் சத்தம் எங்களுக்குக் கேட்டிச்சி."

சவரியம்மா அங்கேயே, வெங்காயச் சருகுகளுக்கு மேல், உட்கார்ந்தபடி சரிந்தாள். ரவூப் தண்ணீர் கொண்டுவர ஓடினார். அவள் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. சிமிழ் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த அளவு நீள்வட்டத்துக்குள் யார் முகத்தை வைத்தாலும் காது வெளியேதான் விழும். என் காதும் விழும், ரவூபின் காதும் விழும். சிறிலின் காது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் ஆமா என்றது ஞாபகத்திலா, ஆசையிலா என்பதும் தெரியாது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வருகிற பஸ்ஸில் சொல்லியிருக்க வேண்டும். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். உக்குவளையில் இறங்கும்போது, "இனி கதவத் தாப்பாப் போட்டுட்டுப் படுப்பேன்," என்றாள். மகன் எந்த நேரத்திலும் வரலாமென்று பதினொரு வருஷம் கதவைத் தாழிடாமலே படுத்திருக்கிறாள். அதைக் கேட்ட பிறகு சொல்ல எனக்குத் துணிவில்லை.

அடுத்த மாதம் சிறிலின் ஆத்துமத்துக்காகப் பூசை வைத்தாள். எனக்கும் ஆள் அனுப்பியிருந்தாள். கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் அவன் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்தபோது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பூசை முடிந்ததும் சவரியம்மா கறுப்புச் சேலையோடு நேரே என்னிடம் வந்தாள். என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க அன்னைக்குப் படத்த நல்லாப் பாத்து வெச்சீங்கண்ணே," என்றாள். "இல்லாட்டி எம்புள்ளைக்கு ஒரு பூசகூட வெச்சிருக்க மாட்டேன்."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.