இடது பக்கத்து உயிர்

என் அக்கா வீட்டுக்காரரை ஊர் உலகம் 'தங்கக்காது' என்று அழைக்கும். விலை உயர்ந்த ஹெட்போன்களைக் கேட்டுப் பார்த்து வீடியோவில் தீர்ப்புச் சொல்வது அவர் தொழில். அவர் 'உயிர் இருக்கு' என்று சொன்ன ஹெட்போன் கடையில் தங்காது. உதட்டைப் பிதுக்கினாரோ, அது கிடங்கை விட்டு நகராது. நானோ ஹெட்போன் செய்கிற கம்பெனியில் ஒலி சீரமைப்பவன். எந்த ஓசை எவ்வளவு தூக்கலாக, எவ்வளவு அடக்கமாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. அத்தான் நீதிபதி, மச்சான் குற்றவாளிக் கூண்டில். குடும்பம் என்றால் இப்படி அமைய வேண்டும்.

எங்கள் புது மாடலுக்காக வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு காதுக்கும் மயிரிழை பிசகாமல் ஒரே ஒலி வரும்படி கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. எங்கள் மேலாளர் அம்மாவுக்கு வயலினுக்கும் விசிலுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் விற்பனை தெரியும். தங்கக்காது தலையாட்டினால் தயாரிப்பு, இல்லாவிட்டால் மாடலை மூட்டை கட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டார். வீடியோ எடுப்பதற்கு முன்னால் ஒரு முறை கேட்டுச் சொல்லுங்கள் என்று அத்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மச்சான் என்ற இரக்கத்தில் ஒப்புக்கொண்டார்.

அந்த வீட்டில் சோதனை நாள் என்பது மௌன விரதம். ஃபிரிட்ஜை அணைத்துவிடுவார்கள். மின்விசிறி சுற்றாது. வாசல் மணியின் வயரைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். அக்கா அடுப்படியில் ஒரு கரண்டியைக்கூடக் கீழே வைக்கக் கூடாது. பால் கெட்டாலும் பரவாயில்லை, பாட்டு கெடக் கூடாது என்பது அத்தானின் சட்டம். கெட்ட பாலைக் கொட்டுவது அக்காவின் கடமை.

எங்கள் மாடல், போட்டிக் கம்பெனியின் மாடல், போன வருடம் அத்தானே வானளாவப் புகழ்ந்த ஒரு மாடல் என்று மூன்றும் மேசையில் இருந்தன. பாட்டுகள் ஐந்து: தனி வயலின், சினிமா மெலடி, ஜாஸ், ராக், கடைசியில் வெறும் கொட்டு. அத்தான் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் எதிரே பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

தீர்ப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. வயலினில் வில் உரசும் சத்தம் இடது பக்கம் வரவேயில்லை என்றார். ஜாஸில் இடது பக்கத்துச் சிம்பல் என்ற பித்தளைத் தட்டைப் போர்வைக்குள் வைத்துத் தட்டுகிறார்களாம். ராக்கில் இடது கிட்டாரை அடுத்த வீட்டில் வாசிக்கிறார்களாம். மெலடியில் பாடகி நடுவில் நிற்பதால் தப்பித்தாள். கொட்டு மட்டும் பழுதில்லை. சரி, என் உழைப்பு மண்ணாய்ப் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் போட்டிக் கம்பெனிக்கும் அதே தீர்ப்பு. போன வருடம் புகழ்ந்த மாடலுக்கும் அதே தீர்ப்பு. எல்லாக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து தரத்தைக் குறைத்துவிட்டன என்று அத்தான் நொந்துகொண்டார்.

பிறகு எனக்காக மனமிரங்கி, எங்கள் மாடலை இன்னொரு முறை எடுத்தார். அதில் இடது வலது எழுத்து உள்பக்கம் கடுகளவில்தான் இருக்கும். அவசரத்தில் மாற்றி மாட்டிக்கொண்டார். சொல்லலாம் என்று வாயெடுத்தேன், மௌன விரதம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். ராக் பாட்டு ஓடியது.

"ம்ஹூம். இப்பவும் இடது பக்கம் செத்துத்தான் கெடக்கு மச்சான்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறை ஹெட்போனில் இருந்தால் மாற்றி மாட்டியதும் அது வலது பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஊரே நம்புகிற தங்கக்காது இரண்டில் ஒன்று மங்கிக்கொண்டிருந்தது. என் மாடல் தப்பித்தது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடி அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அடுப்படிக்குப் போய் அக்காவிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள், தண்ணீர் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் கெட்ட பாலைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமா? தெரிஞ்சுக்காம இருக்காரு," என்றாள். "அந்தக் காதுலதான்டா இந்தக் குடும்பமே ஓடுது. நீ எதையாவது சொல்லித் தொலைச்சிடாத. அவரு தாங்க மாட்டாரு."

சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்கள். எனக்கோ சொல்லாவிட்டால் வேலையே போய்விடும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என் மூளை எனக்கே பிடிக்காத ஒரு காரியத்தைச் செய்தது. ஒரே ஒரு ஹெட்போனை எடுத்து, அதன் மென்பொருளில் இடது பக்கத்துக் கூர்மையான ஓசைகளை மட்டும் நன்றாகத் தூக்கிவிட்டேன். அத்தானுக்கு மட்டும் அது, கடைக்குப் போவது என் ஒழுங்கான மாடல். பாம்பும் சாகாது, கோலும் முறியாது என்று கணக்குப் போட்டேன்.

குறையைச் சரி செய்துவிட்டேன் என்று அதை அத்தானிடம் நீட்டினேன். மறுபடி ஃபிரிட்ஜ் அணைந்தது. வயலின் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அத்தானின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நானும் அழுதுவிடுவேனோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் வீடியோவில் பேசியது இது: "இடது பக்கத்துல உயிர் இருக்குற ஒரே ஹெட்போன் இதுதான்."

வீடியோ வெளியான அன்று மேலாளர் அம்மா இனிப்போடு என் மேசைக்கு வந்தார். கூடவே ஒரு உத்தரவும் வந்தது. தங்கக்காது கேட்ட அதே ஹெட்போனைத்தான் தொழிற்சாலைக்கு மாதிரியாக அனுப்ப வேண்டும், அவர் கேட்டதை ஜனங்களும் கேட்க வேண்டும் என்றார். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. இடது பக்கம் கொஞ்சம் அதிகம், சரி செய்துவிட்டு அனுப்பலாம் என்று இழுத்தேன். ஒலியை அளக்கும் கருவியில் எடுத்த கோடுகளைக் காட்டினேன். இடது பக்கத்துக் கோடு மலையாகவும் வலது பக்கத்துக் கோடு சமவெளியாகவும் இருந்தன.

"அட, அதைத்தானே அவரு உயிருன்னு சொல்றாரு," என்றார்.

ஏன் அப்படி ஆனது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் ஒழுங்கான மாடல் பிழைத்திருக்கும். அந்த ஒரு வார்த்தையில் அக்கா வீடு கவிழ்ந்திருக்கும். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கப் போன என் ஹெட்போன் இப்படியாகக் குரங்காய்த் தொழிற்சாலைக்குப் புறப்பட்டது.

விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. இத்தனை நாள் கேட்காததை எல்லாம் இடது பக்கம் கேட்கிறோம் என்று ஜனங்கள் எழுதினார்கள். ஒரு அப்பாவி மட்டும் இடது காது குடைகிறது என்று எழுதினான். காதைப் பழக்கிக்கொண்டு வா, இது கழுதைக்குத் தெரியாத கற்பூர வாசனை என்று நூறு பேர் அவனைத் துரத்தினார்கள். கொஞ்ச நாளில் அவனும் இப்போது பழகிவிட்டது, அருமை என்று எழுதினான். போட்டிக் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? அவனும் அடுத்த மாடலில் இடது பக்கத்தைத் தூக்கிவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அதைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் எல்லாக் கம்பெனியின் புது மாடல்களும் கிடந்தன. அத்தான் ஒவ்வொன்றாய் ஐந்து பாட்டும் கேட்டு முடித்திருந்தார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார்.

அருகில் உட்காரச் சொல்லி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன் என்றார். ரொம்ப நாளாகத் தன் இடது காதின் மேலேயே அவருக்குச் சந்தேகமாம். பயந்து பயந்து, கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அக்காவுக்கும் தெரியாமல் காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாராம். நாளைக் காலை போக வேண்டியதாம்.

"இன்னைக்கு இத்தனையும் கேட்டுப் பாத்தேன். ஒண்ணுலயும் இடது பக்கம் குறையில்ல. குறை என் காதுல இல்ல மச்சான், அப்ப வந்த ஹெட்போன்லதான். டாக்டருக்கு இப்பத்தான் போன் பண்ணி வேண்டாம்னு சொன்னேன்."

அக்கா கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். டாக்டரிடம் போகச் சொல்லிவிடு என்று அவள் கண் சொன்னதா, வாயை மூடு என்று சொன்னதா, எனக்குப் புரியவில்லை.

"நீ இந்தத் தொழில்ல இருக்கறவன். நெஜத்தச் சொல்லு," என்றார் அத்தான். "எல்லாருக்கும் இப்படித்தானே கேக்குது?"

"ஆமா அத்தான்," என்றேன். "எல்லாருக்கும் இப்ப இப்படித்தான் கேக்குது."

இந்த விவகாரத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டிவிட்டு, அக்காவிடம் ஃபிரிட்ஜைப் போடச் சொன்னார்.