பாதிப் பந்தி

கூடாரக் கம்பியை ஊன்றப் போன மகேனின் கையை மோகனா தட்டிவிட்டாள்.

"எடுத்துட்டுப் போண்ணே. எங்கம்மா சாவுக்குக் கூடாரம் வேணாம்."

"மழை தூறுதுலா மோனா. வந்த சனம் எங்க நிக்கும்?"

"நனையட்டும்."

மகேன் கோயில் கமிட்டிக்காரன். பந்தல் வேலையெல்லாம் அவன் பொறுப்புதான். கம்பிகளைத் தோளில் போட்டுக்கொண்டு லோரிக்குத் திரும்பினான். லயத்து வீடுகளுக்கு முன்னால் நூறு பேர் குடையும், தலையில் பிளாஸ்டிக் பையுமாக நின்றார்கள். எல்லார் கண்ணும் ஒரு கணம் செத்தவளின் தம்பி சுகுமாரன் மேல் பட்டது. பட்ட வேகத்தில் விலகியது.

அந்தப் பார்வை எதற்கென்று சுகுமாரனுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதது மோகனா ஒருத்திக்குத்தான். ஈப்போவில் வேலை செய்யும் அக்காள் மகள், செய்தி கேட்டு நேற்றுச் சாயங்காலம்தான் ஓடி வந்தாள்.

அக்காள் ரஞ்சிதம் உள்ளே கூடத்தில் கிடந்தாள். முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவள். நெற்றிப் பொட்டில் இருந்த காயத்தின் மேல் யாரோ திருநீற்றை அப்பிவிட்டிருந்தார்கள்.

நேற்று மத்தியானம், கோயில் திருவிழா அன்னதானம். திடலில் மூன்று கூடாரம், முந்நூறு பேர். மைக் சுகுமாரன் கையில். பத்து வருஷமாக அவன்தான். மைக் கிடைத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. இரண்டாவது பந்திக்கு இலை போட்ட நேரத்தில் ரஞ்சிதம் வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, அங்க பாரு. கோலா தெர்லா பக்கம் மேகம் வால் விட்டுத் தொங்குது. எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குள்ள போகச் சொல்லு."

"மலையில காத்து என்ன புதுசாக்கா? நீ போய் உக்காரு. இலை போட்டாச்சு."

உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. திடீரென்று கூடாரத் துணி படபடவென்று அடித்தது. ஜனங்கள் எழுந்தார்கள். இலை போட்டு உட்கார்ந்தவர்கள் பந்தி முடியாமல் எழுந்தால் சாமி குத்தம் என்பது அந்தக் கோயிலில் தலைமுறை வழக்கம். சுகுமாரன் மைக்கை வாய்க்கு நெருக்கிப் பிடித்தான்.

"யாரும் எந்திரிக்காதீங்க! பாதிப் பந்தியில எந்திரிக்கக் கூடாது. பாயாசமே இன்னும் வரல, அதுக்குள்ள எங்கய்யா ஓட்டம்? சும்மா காத்துதான்லா!"

நடுக்கூடாரமே சிரித்தது. சிரித்துக்கொண்டே பாதிப் பேர் மறுபடி உட்கார்ந்தார்கள். சுழல்காற்று திடலுக்குள் நுழைந்து கூடாரத்தைக் காலோடு பிடுங்க அதிக நேரம் ஆகவில்லை. எட்டுப் பேர் ஆஸ்பத்திரியில். இரும்புக் கம்பி நெற்றியில் இறங்கியது ரஞ்சிதத்துக்கு மட்டும்.

மகேன் லோரிப் பக்கமிருந்து வந்து சுகுமாரனின் முழங்கையைத் தொட்டான்.

"மாமா, வாயைத் தொறந்துடாதீங்க. குரூப்புல வந்த வீடியோவையும் அழிக்கச் சொல்லிட்டேன். காத்து அடிச்சுக் கொன்னதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க?"

அது உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று சுகுமாரன் நினைத்தான். தலையை ஆட்டிவைத்தான். உள்ளே போய் அக்காளின் காலடியில் நின்றான்.

மோகனா நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மாமா, ஒண்ணு கேக்கணும். எங்கம்மா இடி இடிச்சாலே போர்வைக்குள்ள பூந்துக்குற ஆளு. பக்கத்துக் கூடாரத்துல இருந்தவங்கல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஓடிட்டாங்களாம். இவங்க ஏன் ஓடல?"

கூடத்தில் ஒப்பாரி சட்டென்று நின்றது. சுவரோரம் இருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"தெரியலம்மா," என்றான் சுகுமாரன்.

"நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"அந்தக் கூட்டத்துல யார் யாரைப் பாத்தா..."

நல்லவேளையாகப் பெரியவர் செல்லையா சடங்குக்குக் குரல் கொடுத்தார். "பொறந்த வீட்டுக் கோடி எங்க? சுகு, வாப்பா. வேன்காரன் காத்துக்கிட்டு இருக்கான்."

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் கூடப் பிறந்தவன் புதுச்சேலை எடுத்து வந்து போர்த்த வேண்டும். அவள் மேல் பிறந்த வீட்டுக்கு இருக்கும் கடைசி உரிமை அது. சுகுமாரன் பையிலிருந்து அரக்குச் சேலையை எடுத்தான். உதறினான். அக்காளின் முகத்துக்கு நேரே குனிந்தான். கை நகரவில்லை.

"போடுப்பா," என்றார் செல்லையா.

"மோனா."

சுகுமாரன் சேலையோடு அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா எந்திரிச்சாம்மா. எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சுட்டா. மைக்ல நான்தான்..."

"மாமா!" வாசலிலிருந்து மகேன் கத்தினான்.

"சும்மா இருடா. நான்தாம்மா உக்காரச் சொன்னேன். பாதிப் பந்தியில எந்திரிக்கக் கூடாதுன்னேன். பாயாசம் வரலன்னு தமாஷ் பண்ணேன். முன்னாடியே அவ வந்து சொன்னா. நான் கேக்கல."

செல்லையா செருமினார். "இப்ப எதுக்குப்பா இதெல்லாம். பாடி எடுக்குற நேரத்துல..."

மோகனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். சேலையைப் பிடுங்கி வாசலில் எறிந்தாலும் சரி, அது நியாயம்தான்.

"அம்மா சிரிச்சாங்களா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை.

"பாயாசம்னு நீங்க சொன்னப்ப. அம்மா சிரிச்சாங்களான்னு கேட்டேன்."

"சிரிச்சாம்மா. என்னைப் பாத்துக் கையைக் கூட ஆட்டுனா."

வெளியே வேன்காரன் ஒரு தடவை ஹாரன் அடித்து நிறுத்திக்கொண்டான். மோகனா அம்மாவின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள்.

"போடுங்க," என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

சுகுமாரன் சேலையைப் போர்த்தினான். கழுத்து வரை இழுத்து, ஓரங்களைச் சரிசெய்தான். திறந்திருந்த கதவு வழியாக ஈரக்காற்று உள்ளே வந்தது. கால்மாட்டில் சேலையின் ஒரு முனை மெல்ல எழும்பியது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

மோகனா குனிந்து அந்த முனையை உள்ளங்கையால் பாயோடு சேர்த்து அழுத்தினாள். காற்று நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.