காரெட் பேரில் ஒரு செக்

கெண்ட்ரா எங்கள் வீட்டுச் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, போன மாதம் நான் கொடுத்த செக்கை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"இதை வேற யாருக்காவது கொடுத்திடுங்க, மிஸஸ் ஹூடக்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் மகன் காரெட் பதினேழு வயதில் பனியில் கார் சறுக்கிச் செத்துப்போனான். அதிலிருந்து அவன் பேரில், எங்கள் ஊர்ப் பள்ளியில் கடைசி வருடம் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் கல்லூரிச் செலவுக்கென்று ரெண்டாயிரம் டாலர் கொடுத்துவருகிறேன். அதற்காக வருடா வருடம் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தீயணைப்பு நிலையக் கூடத்தில் பியரோகி விருந்து. உருளைக்கிழங்கும் சீஸும் பூரணமாக வைத்து அவித்த கொழுக்கட்டை. வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தை மேலே கொட்டிக் கொடுத்தால் எங்கள் பாதிரியார் மூன்றாம் தடவையும் வரிசையில் வந்து நிற்பார். இதற்கு முன்னால் பணம் வாங்கிய பிள்ளைகளெல்லாம் முந்தின நாளே வந்து மாவு பிசைவார்கள், ஓரம் கிள்ளுவார்கள். ஊரே டிக்கெட் வாங்கும். இப்படிச் சேர்த்த காசை இவள் வேண்டாம் என்கிறாள்.

"ஏன், லாட்டரி அடிச்சிருச்சா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சாதாரணமாகச் சிரிக்கிற பெண். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை, அப்பா இருக்கிற இடம் தெரியாது. போன குளிர்காலம் முழுக்க உதவித்தொகை தேடி அலைந்தாள். ரோட்டரி சங்கம், பந்துருட்டி விளையாடும் கிளப், சவப்பெட்டிக் கடைக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. இடதுகைக்காரர்களுக்கு எங்கோ பணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு வாரம் இடது கையால் சூப் குடித்துப் பார்த்தாளாம். கடைசியில் கிடைத்தது எங்களுடையது ஒன்றுதான். அவள் பேரை அறிவித்த அன்று பள்ளி வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து அழுதவள் இவள்.

"காலேஜ்ல எனக்கு உதவி கொடுக்கிறாங்கல்ல, அதுபோக ரெண்டாயிரம் இடிச்சுது. உங்க செக் வந்ததும் எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சேன். வெளியில இருந்து எது கிடைச்சாலும் அவங்ககிட்ட சொல்லணும்னு விதி. சொன்னேன்."

"சரி."

"அவங்க தர்றதுல ரெண்டாயிரத்தைக் குறைச்சிட்டாங்க."

"யாரு?"

"காலேஜ்லதான். இப்பவும் அதே ரெண்டாயிரம் இடிக்குது. உங்க காசு வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். மே முதல் தேதிக்குள்ள வர்றேனா இல்லையான்னு சொல்லணும். அம்மாகிட்ட கேக்க முடியாது. அதான், ஒரு வருஷம் கடையில நின்னு சம்பாதிச்சிட்டு அப்புறம் போகலாம்னு பாக்கிறேன்."

எங்கள் ஊரில் 'ஒரு வருஷம் கடையில் நின்றுவிட்டு' என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் இன்னும் அதே கடையில்தான் பில் போடுகிறார்கள்.

அவள் முகம் கழுவ எழுந்தாள். கூடத்தைத் தாண்டி, மூடிக் கிடந்த கதவின் பிடியில் கை வைத்தாள்.

"அது இல்ல, அடுத்தது" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. அவள் சூடு பட்டவள் மாதிரிக் கையை எடுத்தாள். அது காரெட்டின் அறை.

அவள் போனதும் கல்லூரிக்குப் போன் போட்டேன். எங்கோ தவறு நடந்திருக்கிறது, ஒரு போனில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். உதவித்தொகைப் பிரிவில் எடுத்த பெண்ணின் குரலில் தேன் வழிந்தது.

"உங்க தாராள மனசுக்கு ரொம்ப நன்றி மேடம். நீங்க உதவி பண்றதால மாணவியோட தேவை குறையுது. அதனால எங்க பங்கும் குறையுது. முறையே அப்படித்தான்."

"அவ தேவை எங்கம்மா குறைஞ்சுது? அப்படியே இருக்கே."

"தேவைன்னு நாங்க சொல்றது வேற மேடம்."

"அப்போ நான் கொழுக்கட்டை கிள்ளி உங்க காலேஜுக்குக் காசு அனுப்பியிருக்கேன்."

"அப்படிப் பாக்கக் கூடாது மேடம். மிச்சமாகிற பணம் இன்னொரு மாணவருக்குப் போகும்."

"எந்த மாணவருக்கு? பேரு என்ன?"

அதைச் சொல்ல விதி இல்லையாம். இத்தனைக்கும் அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வைப்பதற்கு முன் ஆத்திரத்தில் கேட்டேன்:

"லீவுல அந்தப் பொண்ணு வேலை பாத்துச் சம்பளம் வாங்கினா, அதுக்கும் கத்திரி போடுவீங்களோ?"

"ஐயோ, இல்ல மேடம். கோடையில வேலை பாத்துக் கொஞ்சம் கொண்டு வருவாங்கன்னுதான் நாங்களே எதிர்பாக்கிறோம்."

போனை வைத்தேன். அப்போதுதான் தோன்றியது. இந்த வருடம் கெண்ட்ரா. இதற்கு முன்னால்?

டெரிக்கைத் தேடிப் போனேன். காரெட்டுடன் மல்யுத்த அணியில் இருந்தவன். காரெட் பேரில் முதல் செக் வாங்கியவனும் அவன்தான். இப்போது தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறான். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினான்.

"யாருக்கு என்னாச்சு?"

"நான் கொடுத்த ரெண்டாயிரத்தை உன் காலேஜ்ல கழிச்சாங்களாடா?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். அப்புறம் மறுபடியும் துடைத்தான்.

"இப்ப எதுக்கு அது?"

"கழிச்சாங்களா, இல்லையா?"

"கழிச்சாங்க. எல்லாருக்கும் அப்படி இல்ல. சில காலேஜ்ல விட்டுடுவாங்க. எனக்கும் இன்னும் நாலஞ்சு பேருக்கும் கழிச்சுட்டாங்க."

உட்கார இடம் தேடி வண்டியின் படியில் உட்கார்ந்தேன். ஈரம் பாவாடையில் ஏறியது. பதினொரு வருடம். கூடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, 'காரெட் இல்லாவிட்டாலும் அவனால் இந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள்' என்று பேசியிருக்கிறேன். டெரிக் முன் வரிசையில் நின்று கைதட்டியிருக்கிறான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"தெரிஞ்சுமாடா வருஷா வருஷம் வந்து மாவு பிசைஞ்ச?"

"எங்க எல்லாருக்கும் தெரியும்."

"எம்மேல பரிதாபமா? பைத்தியக்காரி, ஆடட்டும்னு விட்டுட்டீங்களா?"

"அப்படி இல்ல, மிஸஸ் ஹூடக்." அவன் தரையைப் பார்த்தான். "கடையில உங்களைப் பாத்து நான் அவன் பேரை எடுத்தா, சாமானை அப்படியே போட்டுட்டு வெளிய போயிடுவீங்க. நாலு தடவை போயிருக்கீங்க. அந்த விருந்துக்கு முந்தின நாள் மட்டும்தான் பேசுவீங்க. அவன் பச்சை மாவைத் தின்னு வயித்து வலில கத்தினதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க. எனக்கும் அவனைப் பத்திப் பேச வேற யாரு இருக்கா? அதைக் கேக்கத்தான் வருவேன். காசு எங்க போனா எனக்கென்ன?"

பணம் போன அதிர்ச்சி சின்னதாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு நான் ஏதோ கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்தேன். வீட்டுக்குப் போகாமல் காரிலேயே வெகு நேரம் அழுதேன்.

பிறகு, கெண்ட்ரா பள்ளி விட்டு வேலை பார்க்கிற மலிவு விலை டாலர் கடைக்குப் போனேன். அலமாரியில் சோப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னால் செக்கைக் கிழித்தேன்.

"ஸ்காலர்ஷிப் உனக்குக் கிடையாது. ஹூடக் கிழவி மனசு மாறிட்டான்னு காலேஜுக்கு இன்னைக்கே எழுதிப் போடு. அவங்க குறைச்சதை ஒழுங்காத் திருப்பிப் போடட்டும். அப்புறம், வர்றேன்னும் எழுது."

"மிச்சம் ரெண்டாயிரத்துக்கு எங்க போறது?"

"பள்ளிக்கூடம் முடிஞ்ச மறுநாள் எங்கிட்ட வேலைக்கு வா. கோடை முழுக்க வேலை இருக்கு. சம்பளம் ரெண்டாயிரம். சம்பளத்துல அவங்க கை வைக்க மாட்டாங்க, கேட்டுட்டேன்."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். சும்மா வாங்கிக்கொள்கிற பெண் இல்லை. "என்ன வேலை? பொய்யா ஒரு வேலையைச் சொல்லிக் காசு கொடுக்காதீங்க, மிஸஸ் ஹூடக். எனக்கு வேண்டாம்."

"நிஜமான வேலைதான். எங்க வீட்டுல ஒரு கதவுல கை வெச்சியே, அந்த ரூமைக் காலி பண்ணணும். அவன் போனதுல இருந்து ஒரு சாக்ஸைக்கூட நான் எடுக்கல. நீ ஒவ்வொண்ணா எடுத்து இது என்னன்னு கேக்கணும். நான் சொல்லுவேன். டெரிக்கையும் கூப்பிடப் போறேன், அவனும் வந்து உக்காந்து கேப்பான்."

கெண்ட்ரா கையில் இருந்த சோப்பை அலமாரியில் வைத்தாள்.

"ஒரு ரூமுக்குக் கோடை முழுக்க ஆகுமா?"

"ரூம் சின்னதுதான்" என்றேன். "எனக்குத்தான் நேரமாகும்."