கவ்வியின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

மார்ச்சுத் திங்கள் ஒன்பதாம் நாள். விடியலில் மூடுபனி, இலை அசையவில்லை. எஃகு ஆலையின் உலைக்கூடத்தில் மட்டும் கோடை கொதித்தது. சிவந்த கட்டிகளை நீண்ட குறடுகளால் இழுத்துத் தள்ளிய இரவு முறைத் தொழிலாளர்களின் நெற்றி வியர்வை, உதட்டில் இறங்கி உப்புக் கரித்தது.

அவர்களுள் ஒருவரின் தங்கை, சுவருக்கு அப்பால் சோதனை அறையில், அந்த எஃகில் கடைந்த கம்பியை இழுவை எந்திரத்தின் இரு கவ்விகளுக்கிடையே பொருத்தினாள். இழுக்கும்போது எவ்வளவு குறைவாக நீள்கிறதோ, அவ்வளவு விறைப்பான கம்பி. சில நாள்களாக விறைப்பு குறைந்தே வந்தது. உலைக்காரர்களே எஃகைக் கெடுத்தார்கள் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். இன்று சோதனை அறிக்கையில் அவள் கையெழுத்திட்டால் இரவு முறைக்காரர் அனைவருக்கும் வேலை போகும்; அண்ணனுக்கும்தான்.

முன்பு தேறிய கம்பி ஒன்றை மாட்டிப் பார்த்தாள். அதுவும் தோற்றது! ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கோ கூடமே கோணலாக இருந்துகொண்டு ஆடுகிறவளைப் பழித்தது. கம்பியின் மேலேயே பொருத்தி நீட்சியை அளக்கும் சிறு கருவி உடைந்து மேசைக்குள் கிடந்தது. ஆகவே, கவ்வி நகர்ந்த தூரமே கம்பியின் நீட்சி என்று கொள்ளப்பட்டது.

வேலை முடித்து உலைக்காரர்கள் சோதனை அறை வாசலில் கூடினார்கள். முதலாளியும் வந்தார்.

"கையெழுத்து போட்டாச்சாம்மா?"

"கொஞ்சம் இருங்க சார். அண்ணா, அந்த சாக்பீஸைக் குடு."

கவ்வியிலிருந்து கம்பி வரை ஒரே கோடாக இழுத்தாள். விசையைத் தட்டினாள். எந்திரம் முனகியது. கவ்வியின் விளிம்பில் கோடு அறுந்து, நகக்கண் அளவு வெற்றிடம் தெரிந்தது.

"பாத்தீங்களா? கவ்வியோட பல்லு தேஞ்சிருக்கு. கம்பி வழுக்குது. அந்த வழுக்கலையும் சேத்துத்தான் கம்பி நீண்டுச்சுன்னு எந்திரம் சொல்லுது."

"பல்லு போனது இதுக்கு, பட்டினி எங்களுக்கா?" என்றார் அண்ணன். சிரிப்பு வெடித்தது.

"கோடு கிழிச்சா சட்டமாயிடுமா? போடு கையெழுத்தை. இல்லன்னா அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணாவே கிளம்புங்க" என்றார் முதலாளி.

அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"புதுப் பல்லு போடுங்க. அந்தக் கருவியைச் சரி பண்ணுங்க. எல்லார் முன்னாடியும் திரும்ப இழுப்போம். அப்பவும் தோத்தா நானே போடறேன்."

"மிரட்டுறியா?"

"அளக்கறேன் சார்."

அண்ணன் கையிலிருந்த நீண்ட குறட்டைச் சுவரில் சாய்த்தார்; எந்திரத்தின் அருகே சப்பணமிட்டு அமர்ந்தார். அவளிடம் சாக்பீஸை வாங்கி, காலணி நுனியிலிருந்து தரைவரை ஒரு கோடு இழுத்தார்.

"நான் வழுக்கறேனான்னு நீங்களே பாத்துக்குங்க முதலாளி."

அடுத்தவர் கைநீட்டி வாங்கினார். பிறகு அதற்கடுத்தவர். பகல் முறைக்கு வந்தவர்களும் உடைமாற்றாமல் வந்து அமர்ந்தார்கள். கடைசியில் மிஞ்சிய துண்டால் அவளும் அமர்ந்து தன் செருப்பிலிருந்து தரைக்குக் கோடிட்டாள். முதலாளி தொலைபேசியைத் தேடி விரைந்தார். யாரை அழைப்பாரோ, தெரியாது. பக்கத்துக் கூடத்தில் ஆளில்லா உலையின் உறுமல் தாழ்ந்துகொண்டே வந்து அடங்கியது.

அப்போது காலை மணி எட்டு இருபது. ஒரு கோடும் அறுந்திருக்கவில்லை.