அரிசி மண்டிக்காரர் மனைவியின் இலை

1

இந்தக் கதை தென்காசி ரயில் நிலையத்து எடை மிஷினிலிருந்து எனக்குக் கிடைத்தது. காசு போட்டால் சக்கரம் சுற்றி, எடையும் பலனும் அச்சடித்த அட்டை ஒன்று கீழே விழுமே, அதேதான். வருஷம் 1962. கொஞ்சம் பருத்த அம்மாள் ஒருத்தி ஏறினாள், அட்டையைப் பார்த்தாள், இறங்கினாள். கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். இன்னொரு காசு போட்டு மறுபடியும் ஏறினாள். இரண்டாவது அட்டையைப் படித்துவிட்டு அவள் தனக்குள் சிரித்துக்கொண்டது எனக்குப் புரியவில்லை. எடையைப் பார்த்துச் சிரித்தாளா, பலனைப் பார்த்தா? புரியாததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்த ஒரு..." (இந்தப் பக்கத்துக் கதை என்றால் சாரலில்தான் தொடங்க வேண்டுமா? அடித்தாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: "குழல்வாய்மொழியின் புருஷன் பிச்சையா பொல்லாத..." இல்லை. இதுவும் சரிப்படாது. பிச்சையா நல்ல மனிதர். தென்காசியில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். எந்த வீட்டில் எத்தனை வாய், யாருக்குப் புழுங்கல், யாருக்குப் பச்சரிசி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார். அவரைக் கெட்டவராக்கினால் எனக்கு வேலை மிச்சம், ஆனால் கதை பொய்யாகிவிடும்.

மூன்றாம் தொடக்கம்: "குழல்வாய்மொழி மறுபடியும் சோற்றை விட்டுவிட்டாள்."

இது நிற்கட்டும். (எடை மிஷினில் ஏறிய அம்மாளுக்கு நான் வைத்த பெயர் அது.)

3

மறுபடியும் என்றால், முன்பும் ஒருமுறை விட்டிருந்தாள். முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். உடம்பைக் குறைக்கிறேன் என்று வெறும் வயிற்றோடு கிடந்து கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். டாக்டரம்மா நன்றாகத் திட்டினாள்.

"உங்கள யாரு பட்டினி கெடக்கச் சொன்னா? வயிறார சாப்பிடுங்க. முட்டை, மீனு, கீரை, புடலங்கா, மோரு, எல்லாம் சாப்பிடுங்க. சோறு, இட்லி, மரச்சீனிக் கிழங்கு, கருப்பட்டி, இதுகள மட்டும் தள்ளி வையுங்க."

தள்ளி வைத்தாள். உடம்பு இறங்கியது, முழங்காலும் சொன்னபடி கேட்டது. பிறகு சிவகிரியில் அக்காள் மகள் கல்யாணம். பெண்கள் பந்தியில் எல்லாரும் வற்புறுத்தினார்கள் என்று ஒரு பிடி சோறு. ஒரே பிடிதான். மறுநாள் இன்னொரு பிடி. வருஷம் திரும்புவதற்குள் பழைய உடம்பு திரும்பி வந்துவிட்டது. எடை மிஷினில் நான் பார்த்தது அவள் மறுபடியும் தொடங்கிச் சில மாதம் ஆனபோது என்று வைத்துக்கொள்கிறேன்.*

* ஒரு சந்தேகம். அரிசி மண்டிக்காரர் வீட்டில், பெண்டாட்டி சோறு தின்னாததை எப்படி மறைக்க முடியும்? கதை வெகுநாள் இந்தக் கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்தது. பதில் சுலபம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் தனியாகச் சாப்பிடுகிறவள் அவள். அந்த இலையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. டாக்டரம்மா சொன்னதை அவளும் வீட்டில் சொல்லவில்லை. மண்டிக்காரர் பெண்டாட்டியே சோறு தின்னவில்லை என்றால் ஊர் அவர் அரிசியைத்தானே குறை சொல்லும்? அவள் மெலிந்ததைப் பிச்சையா பார்க்காமல் இல்லை. "மக கல்யாணக் கவலை. அதுலதான் உருகிட்டா" என்று மண்டிக்கு வருகிறவர்களிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

4

மகள் உலகம்மைக்கு இலத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. அவளுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. மிச்சம் இருந்தது கை நனைக்கிறது மட்டும். பேச்சு முடிகிறவரை பெண் வீட்டார் அங்கே தண்ணீரோடு சரி. முடிந்ததும், பெண்ணைப் பெற்ற இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டுச் சோற்றில் கை வைக்க வேண்டும். வைத்தால் சம்மதம். ஒருவர் வைக்காமல் எழுந்தாலும் அந்த வாசலை மறந்துவிட வேண்டியதுதான்.

"எம்மா, அங்கன வயிறு நெறைய சாப்பிட்டுட்டு வா. ரொம்ப மெலிஞ்சிக்கிட்டே போற" என்றாள் உலகம்மை, புறப்படும்போது.

போகிற வழியில் ஐந்தருவியில் குளித்தார்கள். குழல்வாய்மொழி ஏற்றத்தில் எங்கும் நிற்காமல் ஏறிப் போனாள். "ஏட்டி, மெள்ளப் போ" என்று மூச்சு வாங்கியபடி பிச்சையா பின்னால் வந்தார். (இதை எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது.)

5

இலை போட்டார்கள். குழல்வாய்மொழி யார் கையையும் பிடிக்காமல் தரையில் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்றைக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அன்றுதான். மாப்பிள்ளையின் தாய் பார்வதியம்மாள் தன் கையாலேயே இருவருக்கும் சோறு வைத்தாள்.

"குழல்வாய்மொழி சோற்றைப் பிசைந்து ஒரு கவளம்..."

வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. ஒரு பிடிதானே, மகளுக்காகத் தின்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். சிவகிரியிலும் இதையேதான் சொன்னார்கள். தரையில் உட்கார்ந்து, தூக்கிவிட ஆள் தேடி அண்ணாந்து பார்த்த நாட்களை அவள் மறக்கவில்லை. சரி, விரதம் என்று சொல்ல வைத்தேன். கை நனைக்க வந்த நாளில் விரதமா என்று பார்வதியம்மாள் கேட்டுவிட்டாள். அதையும் அடித்தேன். கடைசியில் அவளே பேசினாள்.

"நான் சோறு திங்கதில்ல மதினி. கூட்டு, கறி, மோரு எல்லாம் சாப்பிடுதேன். பொண்ணு குடுக்க எனக்கு முழுச் சம்மதம்."

"எங்க வீட்டுச் சோறு மட்டுமா, எல்லாச் சோறுமா?"

"எல்லாச் சோறுந்தான். வீட்டுலயும் திங்கதில்ல."

பார்வதியம்மாள் நியாயமான பொம்பளை. கோபப்படவில்லை. பக்கத்து இலைக்குத் திரும்பினாள்.

"அண்ணாச்சி, மதினி வீட்டுல சோறு திங்காளா, இல்லியா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் ஏத்துக்கிடுதேன்."

பிச்சையாவின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது. ஊரில் யார் வீட்டு உலையில் என்ன அரிசி வேகிறது என்று தெரிந்தவர், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் இலையைப் பார்த்தார்.

6

முடிவு ஒன்று: "திங்க மாட்டா" என்கிறார். உலகம்மை கல்யாணம் நடக்கிறது. சொன்னது உண்மைதான், ஆனால் அது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவளுக்கு, அவருக்குத் தெரியாது என்பது தெரியும்.

முடிவு இரண்டு: "தெரியலியே தாயி" என்கிறார். நேர்மையான பதில். கேட்டதும் பார்வதியம்மாள் இலையை எடுக்கச் சொன்னாளா, சிரித்தாளா? அவளும் எல்லாருக்கும் கடைசியாகச் சாப்பிடுகிறவள்தானே.

முடிவு மூன்று: தன் இலைச் சோற்றையும் அவர் ஒதுக்கி... (வேண்டாம். சினிமா.)

எதை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. எடை அட்டையைப் பார்த்து அவள் சிரித்தது இலத்தூருக்குப் போவதற்கு முன்பா, வந்த பிறகா என்பதும் தெரியவில்லை. அதனால் பிச்சையாவின் பதிலை நீங்கள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் நேற்று கடைசியாகச் சாப்பிட்டவர், என்ன சாப்பிட்டார்?