ஊற்றுக்குப் போக ஒரு கதவு

நாயுடுபுரத்தில் எங்கள் சூழல் மன்ற அலுவலகச் சுவரில், ‘அனைவரையும் அரவணைக்கும் சமூகநீதி, சூழல்நீதி’ என்று பச்சை எழுத்தில் இருக்கும். கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான். அந்தப் பச்சையைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது.

பண்ணைக்காட்டுக்குக் கீழே, பளியர் பழங்குடியினர் குடியிருப்பை ஒட்டி, போன வருடம் காட்டு மரக்கன்றுகள் நட்டோம். மாடு மேயாதிருக்கக் கம்பிவேலியும் போட்டோம். அவர்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்று வேலிக்குள் மாட்டிக்கொண்டது. வேலியில் ஒரு கதவு வேண்டும் என்று கேட்டு வந்தார் அந்தக் குடியிருப்பு ஜக்கம்மாள். நாங்கள் அவரைச் செயற்குழு உறுப்பினராக்கினோம். மலைமக்கள் உறுப்பினர் அறையில் இல்லாமல் எந்த முடிவும் செல்லாது என்று விதியும் போட்டோம். அந்த விதிக்கு ஒரு விருதுகூடக் கிடைத்தது. கதவு மட்டும் கிடைக்கவில்லை.

நாலாவது கூட்டத்தில்தான் அவர் முறை வந்தது.

“வெள்ளனே குடத்தோட வேலியச் சுத்திப் போனா, பொழுது ஏறித்தான் வீடு திரும்புறோம். மாசமா இருக்குற புள்ளைகளும் நடக்குதுங்க. கதவு ஒண்ணு வச்சுக் குடுங்க சார்.”

எல்லோரும் கை தட்டினார்கள். செயற்குழு உறுப்பினர் ஸ்வேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்.

தலைவர் குமரகுரு குழைவாகச் சொன்னார்: “அம்மா, ஓட்டெடுக்கப் போறோம். கதவால பலன் உங்களுக்குத்தானே? சம்பந்தப்பட்டவங்க அப்ப ரூம்ல இருக்கக் கூடாது. ரூல்ஸ்ங்க.”

ஜக்கம்மாள் வெளியே போனார். உடனே செயலாளர் லாவண்யா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “சார், மலைமக்கள் உறுப்பினர் ரூம்ல இல்லையே. ஓட்டு செல்லாது.”

உள்ளே கூப்பிட்டோம். உட்கார்ந்ததும் வெளியே அனுப்பினோம். மூன்றாம் முறை அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வாசற்படி அறையைச் சேர்ந்ததா, இல்லையா என்று அரைமணி நேரம் விவாதித்தோம். நானும் வெட்கமில்லாமல் அதைக் குறிப்பில் எழுதினேன்.

“நான் இருந்தாலும் முடிவெடுக்க மாட்டீங்க, இல்லாட்டியும் எடுக்க மாட்டீங்க” என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறப் போனார்.

இரண்டு நாள் கழித்து கன்றுகளைப் பார்வையிடப் போனோம். குடத்தோடு ஒரு பெண் நுழையும் அகலத்துக்கு வேலி வெட்டப்பட்டிருந்தது. கம்பி முனைகள் சேலையைக் கிழிக்காதபடி மடக்கப்பட்டிருந்தன. மாடு புகாமலிருக்க முள்படல் ஒன்றும் சாத்தியிருந்தார்கள். கன்றுகளுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குமரகுருவுக்கு முகம் சிவந்துவிட்டது. போலீஸில் புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்றார். அதற்கும் செயற்குழு முடிவு வேண்டும். ஜக்கம்மாள் அறையில் இல்லாமல் முடிவு செல்லாது. அவசரக் கூட்டத்துக்கு அழைக்க என்னைத்தான் அனுப்பினார்கள்.

ஜக்கம்மாள் இடுப்புக் குடத்தை இறக்காமலே கேட்டுக்கொண்டார்.

“வர முடியாது சார். சோலி கெடக்கு.”

“அடுத்த வாரம்?”

“அப்பவும் கெடக்கு.”