அரைச் சஹன்

ஹமீட் மச்சானின் மகள் றுஸ்தாவின் கல்யாணம் சென்ற ஓகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், மருதமுனையில் அவருடைய வளவிலேயே நடந்தது. மாப்பிள்ளைக்குச் சாய்ந்தமருது ஊர். அவர்கள் பக்கம் இருநூற்றுப் பத்துப் பேர், எங்கள் பக்கம் நூற்றைம்பது பேர். சஹன் என்கிற பெரிய தட்டுக்கு ஆறு பேராக அறுபது சஹன்.

ஒரு கிழமைக்கு முன்னர் என் மனைவி அஸ்மியா தன் மூத்த சகோதரரான ஹமீடிடம் ஒரு யோசனையோடு போனாள்.

"காக்கா, இந்தமுறை சஹன்ல பாதிச் சோறு போடுவம். முடிய முடிய சூட்டோட கொண்டந்து போடலாம்."

ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஆனால் தெரியாதவரோடு இருக்கக் கூச்சப்பட்டு நாலு பேரோடு நிறுத்திவிடுவார்கள். சோறு மட்டும் ஆறு பேருக்குக் குவிந்திருக்கும். பல கை பட்ட அந்த மிச்சத்தை யாருக்கும் கொடுக்கவும் முடியாது. முந்தின மாதம் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அப்படி மூன்று பீப்பாய் நிறைந்ததை அஸ்மியா நின்று பார்த்திருந்தாள். மாவடிப்பள்ளியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அதில் இறங்கி வேலை செய்கிறவள் அவள்.

"அந்தச் சோத்துக்கு எத்தின நாள் தண்ணி கட்டியிருப்பாங்க, எவ்வளவு உரம் எறிஞ்சிருப்பாங்க? கடைசில குப்பை மேட்டுக்கு வாற யானைக்குக் கொட்டிட்டு வாறம்."

"யானையும் அல்லாஹ்ட படைப்புத்தானே?" என்றார் ஹமீட். "மகள்ட கல்யாணத்துல சோறு காணல்ல எண்டு சாய்ந்தமருதுல கதைச்சா, நான் எந்த முகத்தோட அங்க மீன் வாங்கப் போற?"

"ஒருத்தரும் அப்பிடிச் செல்லமாட்டாங்க."

"செல்லிட்டா?"

"செல்லிட்டா உங்கட ஊட்டு வாசல்ல இனிக் கால் வெக்கமாட்டன்."

அது அவள் கிழமைக்கு நாலு தரம் போகிற வீடு. ஹமீட் அரை மனதோடு தலையாட்டினார்.

கல்யாண நாளில் நிக்காஹ் முடிந்து பந்தலில் சஹன்கள் வந்தன. நெய்ச்சோறு பாதி, மேலே மாட்டிறைச்சி. மாப்பிள்ளையின் பெரியவாப்பா நஸீம் ஹாஜியார் முன்வரிசையில் இருந்தார். சஹனைப் பார்த்தார். பக்கத்துச் சஹனையும் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஹமீட், எங்களுக்கு வகுத்துல வருத்தம், திங்க ஏலா எண்டு ஆரும் செய்தி அனுப்பினதா?"

பந்தல் சிரித்தது. ஹமீட் சிரிக்கவில்லை. பத்து நிமிடத்தில் அந்தச் சஹனின் நடுவில் அடி தெரிந்துவிட்டது. இரண்டாம் தரம் போட வேண்டியவர்கள் பெண்கள் பக்க வாசலில் நெரிசலில் மாட்டியிருந்தார்கள். ஹாஜியாரின் கை நின்றது. அவர் வாயைத் திறந்தார்.

'காணல்ல' என்ற அந்தச் சொல் வந்துவிடும் என்று பயந்தோ என்னவோ, ஹமீட் குசினிப் பக்கம் பாய்ந்து, ஆவி பறக்கும் சோற்றுத் தாச்சியைத் தானே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். முழங்காலை ஊன்றி இருந்து தன் கையாலேயே போட்டார்.

ஹாஜியார் அசந்துபோனார். "சுப்ஹானல்லாஹ்! பொண்ணுட வாப்பாவே கீழ இருந்து போடுறாரு! இவ்வளவு மரியாதையை நான் ஒரு கல்யாணத்துலயும் காணல்லடா!"

அதோடு ஹமீடின் கதை முடிந்தது. "இஞ்சாலயும் வாங்க, சம்பந்தி!" என்று பந்தலின் மூலைமுடுக்கெல்லாம் கூப்பிட்டார்கள். வேறு யார் கொண்டுபோனாலும் வாங்கவில்லை. ஒன்றேகால் மணித்தியாலம் அவர் தாச்சியோடு ஓடினார். அவர் கையால் போட்ட சோற்றை மிச்சம் வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. சஹன்கள் துடைத்ததுபோல் திரும்பின. பீப்பாயில் எலும்பு மட்டும்தான் இருந்தது.

பிறகு அஸ்மியா குசினிக்குப் போனாள். மூடி திறக்காத இரண்டு பெரிய பானை நெய்ச்சோறு அங்கே இருந்தது.

"முஹ்ஸின், இதென்ன?"

சமையற்காரர் முஹ்ஸின் தலையைச் சொறிந்தார். "ஹமீட் காக்கா ரகசியமா வந்து அரை மூட்டை அரிசி கூட்டச் சென்னாரு. பின்னால அவர்ட பொஞ்சாதி றாபியாத் தாத்தா வந்து, அவருக்குத் தெரியாம இன்னும் கொஞ்சம் போடச் சென்னா."

"அவ்வளவுதானா?"

"பயத்துல நானும் கொஞ்சம் கூட்டினதான்."

அஸ்மியா தலையில் கை வைத்தாள். ஆனாலும் கை படாத சோறு. அப்போதே வேனில் ஏற்றி ஒலுவிலுக்கு அனுப்பினோம். அங்குள்ள கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிற வீடுகளில் இரண்டு பானையும் அஸர் தொழுகைக்கு முன்னர் காலியாகிவிட்டன.

புறப்படும்போது நஸீம் ஹாஜியார், அடுத்த கிழமை தங்கள் வீட்டு வலீமா விருந்திலும் அரைச் சஹன்தான் என்றும், தானே தாச்சி தூக்கப்போவதாகவும் சொன்னார். ஹமீட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

அஸ்மியா கதவருகில் நின்று கேட்டாள். "ஹாஜியார், ஒண்டு செல்லுங்க. உங்கட ஊட்டுல சமையற்காரரோட தனியாப் போய்க் கதைக்கிற ஆக்கள் எத்தின பேர்?"

"ஒருத்தருமில்ல," என்றார் அவர். பிறகு சற்று யோசித்தார். "நான் மட்டும்தான். பொஞ்சாதியும் போவா." வேனில் ஒரு காலை வைத்தவர், திரும்பிப் பார்த்தார். "எங்கட உம்மா ஒராள் இரிக்காவே!"